காளானுக்குப் பெயரிட்டவர்

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழன்பர்களுக்கு ஒரு தனிச் செல்வம் உண்டு. ஒரே பொருளை இரு மொழிகளால் அழைத்துப் பழகிய செல்வம் அது. மழை பெய்து ஓய்ந்தபின் கரையான் புற்றின் அருகே வெண்குடை விரித்து நிற்கும் பொருளை நாம் காளான் என்கிறோம். அண்டை வீட்டுத் தெலுங்கு அன்பர் அதனைப் புட்டகொடுகு என்பார். புட்ட என்றால் புற்று. கொடுகு என்றால் குடை. பெயரைச் சொன்ன மாத்திரத்தில் அது முளைக்கும் இடமும் அதன் வடிவமும் கண்முன் வந்துவிடுகின்றன. நல்ல பெயர் என்பது இத்தகையதே. பெயரிட்டவர் கூர்ந்து பார்த்தவர் என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி.

பழந்தமிழர் காளானை ஆம்பி என்றனர். குமணனிடம் தம் வறுமையை எடுத்துரைத்த பெருந்தலைச் சாத்தனார், சமையலையே மறந்துபோன அடுப்பில் ஆம்பி பூத்திருந்ததாகப் புறநானூற்றின் 164-ஆம் பாட்டிலே கூறுகின்றார். சிறுபாணாற்றுப்படையிலும் ஏழைப் பாணனுடைய அடுக்களையில் காளான் பூத்திருக்கக் காண்கிறோம். நெருப்பு மூளாத இடம், ஈரம் உலராத இடம், ஆள் நடமாட்டம் குறைந்த இடம் இவற்றில் காளான் தோன்றும் என்பதை நம் புலவர்கள் அறிந்திருந்தனர். ஆயினும் அவர்கள் கண்டது குடையை மட்டுமே. குடைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரே மனிதருக்கு விளங்கிற்று.

காளானின் மெய்யான உடல் மண்ணுக்குள்ளும், மட்கும் மரத்துக்குள்ளும், உதிர்ந்த இலைக்குள்ளும் பரவிக் கிடக்கும் நூலிழைகளே ஆகும். நாம் காணும் குடை, மாமரத்துக்கு மாம்பழம் எப்படியோ அப்படி. அதன் வேலை வித்துத் துகள்களைக் காற்றிலே தூவுவது. இந்த நூலிழைக் கூட்டத்தில் குடை விரிப்பவை சிலவே. பழைய ரொட்டியிலும், மழைக்காலத்துச் செருப்பிலும், ஊறுகாய்ச் சாடியின் விளிம்பிலும், நிலக்கடலை இலையிலும் நுண்ணிய பொடியாகப் படர்ந்து நிற்பவை பல. இவை அனைத்தையும் சேர்த்துப் பூஞ்சணங்கள் என்று விஞ்ஞானிகள் வழங்குகின்றனர். ஒரு காலத்தில் இவற்றைத் தாவரங்களோடு சேர்த்து எண்ணினர். தாவரமும் அல்லாமல் விலங்கும் அல்லாமல் தனியொரு பேருலகம் இது என்பதே இன்றைய முடிவு.

இந்தப் பேருலகத்தின் ஒரு பெரும் பகுதிக்குப் பெயரிட்டு, ஒழுங்கு செய்து, உலகம் ஏற்கும்படி எழுதிவைத்த ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறோம். சி. வி. சுப்பிரமணியன் என்பது அவர் பெயர். 1924-ஆம் ஆண்டில் கொச்சியில் பிறந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு பயின்றார். இடையில் இராஜஸ்தானத்திலும் பணியாற்றிப் பின் சென்னைக்கே மீண்டார். 2016-இல் தம் 91-ஆம் வயதில் மறைந்தார். பிறந்த ஊரை விட்டு வேறு மாநிலங்களில் உழைத்தவர்களின் வரலாறு, வெளிமாநிலத் தமிழருக்கு அயலான வரலாறு ஆகாது.

அவர் எந்தச் சூழலில் வளர்ந்தார் என்பதை முதலில் காண்போம். இந்தியாவில் பூஞ்சண ஆராய்ச்சியை முறையாகத் தொடங்கிவைத்தவர் எட்வின் பட்லர் என்னும் அயர்லாந்து நாட்டறிஞர். பீஹாரிலே பூசா என்னும் இடத்தில் இருந்த வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் அவர் பணியாற்றினார். பயிர் நோய்களைப் பற்றி அவர் 1918-இல் வெளியிட்ட நூல் நெடுங்காலம் கைந்நூலாக விளங்கிற்று. 1920-இல் இங்கிலாந்தில் கியூ என்னுமிடத்தில் பூஞ்சணங்களுக்கென்று ஒரு நிலையம் ஏற்பட்டபோது பட்லரே அதன் முதல் தலைவரானார். இதனால் ஒரு வழக்கம் வேரூன்றியது. இந்திய ஆய்வாளர் ஒருவர் தம் வயலில் புதியதொரு பூஞ்சணத்தைக் கண்டால், அதை உலர்த்தி, உறையிலிட்டுக் கப்பலேற்றிக் கியூவுக்கு அனுப்புவார். அங்குள்ளோர் ஆராய்ந்து பெயர் எழுதி அனுப்புவர். நம் மண்ணில் முளைத்த பொருளின் பெயரை அறிய நாம் கடல் கடந்து கேட்க வேண்டியிருந்தது.

இதற்கிடையே சென்னையில் ஒரு நல்ல ஆய்வுக்கூடம் உருவாகி வந்தது. பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வுக்கூடத்தை வளர்த்தவர் பாசி ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்ற எம். ஓ. பி. ஐயங்கார். அவருக்குப் பின் அதன் தலைமையை ஏற்றவர் டி. எஸ். சதாசிவன். பயிரின் உடலுக்குள் நோய் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை ஆராயும் ஒரு மரபையே அவர் சென்னையில் தோற்றுவித்தார். 1974-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது அளிக்கப்பட்டது. இந்தச் சதாசிவனாரிடம் ஆய்வு மாணவராக வந்து சேர்ந்தவரே சுப்பிரமணியன்.

அவர் முதலில் எடுத்துக்கொண்டது பருத்தியின் வாடல் நோய். மண்ணிலே வாழும் பியூசேரியம் என்னும் பூஞ்சணம் வேர் வழியாகப் பருத்திச் செடிக்குள் புகுந்து, நீரேறும் குழாய்களைப் பற்றிக்கொள்கிறது. நிலத்தில் ஈரம் இருந்தும் செடி வாடிப்போகிறது. மண்ணின் நிலைமை எவ்வாறு இருந்தால் இந்நோய் பெருகும் அல்லது அடங்கும் என்பதை ஆராய்ந்து அவர் எழுதிய நீண்ட கட்டுரை 1950-இல் வெளிவந்தது. மண்ணை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பவன் பியூசேரியத்தை மட்டும் காண்பதில்லை. பெயர் தெரியாத எத்தனையோ இழைகளையும் துகள்களையும் காண்கிறான். இவற்றுக்கெல்லாம் பெயர் என்ன, இவை ஒன்றுக்கொன்று என்ன உறவு என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்வியே சுப்பிரமணியனின் ஆயுட்காலப் பணியாயிற்று.

பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். நோய்க்கு மருந்து கண்டால் போதாதா, பூஞ்சணத்துக்குப் பெயர் வைப்பது வீண் வேலையன்றோ என்றும் கேட்கக்கூடும். இதற்கு விடையாக மூன்று செய்திகளைச் சொல்லலாம்.

முதலாவது, பெனிசிலின். 1928-இல் இலண்டனில் அலெக்ஸாண்டர் பிளெமிங் தம் கண்ணாடித் தட்டிலே ஒரு பூஞ்சணம் கிருமிகளை அழித்திருக்கக் கண்டார். அது என்ன பூஞ்சணம் என்பதில் தொடக்கத்திலேயே தவறு நேர்ந்துவிட்டது. பெனிசிலியம் ரூப்ரம் என்று முதலில் அறிவித்தனர். பின்னர் அமெரிக்க நிபுணர் சார்லஸ் தாம் அதனை ஆராய்ந்து, பெனிசிலியம் நொட்டேட்டம் என்று திருத்தினார். 2011-இல் மரபணுச் சான்றைக் கொண்டு மீண்டும் ஆராய்ந்து பெனிசிலியம் ரூபென்ஸ் என்று உறுதி செய்தனர். பெனிசிலியத்தில் வகைகள் பல. எல்லா வகையும் இந்த மருந்தைத் தருவதில்லை. தவறான பெயரை நம்பி வேறொரு வகையை வளர்த்தவனுக்கு உழைப்பு மிஞ்சுமே தவிர மருந்து கிடைக்காது.

இரண்டாவது செய்தி சித்தூர் மாவட்டத்துக்கு மிக நெருங்கியது. வானம் பார்த்த செம்மண் நிலங்களில் நிலக்கடலை பயிரிடும் வட்டாரம் அது. 1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் காரணம் தெரியாமல் ஒரு லட்சத்துக்கும் மேலாக மடிந்தன. ஆராய்ந்தபோது, அவற்றுக்குத் தீனியாகப் போட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கிலே நஞ்சு இருந்தது தெரிந்தது. பிரேசில் நாட்டிலிருந்து வந்த பிண்ணாக்கு அது. நஞ்சை உண்டாக்கியது ஆஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் மஞ்சள்பச்சை நிறப் பூஞ்சணம். அந்தப் பெயரின் எழுத்துக்களைக் கொண்டே அந்த நஞ்சுக்கு அப்ளடாக்சின் என்று பெயர் வந்தது. மனிதரின் கல்லீரலையும் அது தாக்கவல்லது. ஆஸ்பெர்ஜில்லஸ் இனத்தில் நஞ்சு தருவதும் உண்டு. ஜப்பானியர் சோயா மொச்சையைப் புளிக்க வைக்கப் பயன்படுத்தும் தீங்கற்றதும் உண்டு. இரண்டும் பார்வைக்கு மிக நெருங்கிய உறவினர். எது எது என்று பிரித்துச் சொல்ல வல்லவர் இல்லாவிட்டால் உணவும் நஞ்சும் ஒன்றாகிவிடும். கடலையை நன்றாக உலர்த்தி, உடைந்ததையும் சுருங்கியதையும் நீக்கிச் சேமிக்க வேண்டும் என்று உழவருக்கு இன்று சொல்லப்படும் அறிவுரைக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

மூன்றாவது செய்தி துயரமானது. 1942-இல் வங்காளத்தில் நெற்பயிரைச் செம்புள்ளி நோய் கடுமையாகத் தாக்கிற்று. அடுத்த ஆண்டு அங்கே பெரும் பஞ்சம் வந்தது. போர்க்கால நிலைமையும், அரசாங்கத்தின் போக்கும், விலையேற்றமும் அந்தப் பஞ்சத்துக்குக் காரணங்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். பயிர்நோய்க்கும் அதில் பெரும்பங்கு உண்டு என்று நெல் ஆராய்ச்சி அறிஞர் எஸ். ஒய். பத்மநாபன் 1973-இல் எழுதினார். அந்த நோயைத் தரும் பூஞ்சணம் அப்போது ஹெல்மிந்தோஸ்போரியம் ஒரைசே எனப்பட்டது. ஹெல்மிந்தோஸ்போரியம் என்ற பெயரின் கீழ், புல்லிலும் தானியத்திலும் வாழும் வகைகளும், மரப்பட்டையில் வாழும் வகைகளும் கலந்துகிடந்தன. இந்தக் கலப்பைப் பிரிக்க முயன்றவர்களில் சுப்பிரமணியனும் ஒருவர். 1966-இல் அவரும் அவருடைய உடனாய்வாளர் ஒருவரும் நெல்லின் செம்புள்ளிப் பூஞ்சணத்தை டிரெக்ஸ்லெரா என்னும் இனத்தில் சேர்த்தனர். இன்று அது பைபோலாரிஸ் ஒரைசே என்று வழங்குகிறது. பெயர் மீண்டும் மாறியது உண்மையே. ஆயினும் தானியப் பயிர்களைத் தாக்கும் கூட்டத்தைத் தனியே பிரித்தறிய வேண்டும் என்ற கொள்கை நிலைத்துவிட்டது.

இனி, அவர் செய்த ஒழுங்கு எத்தகையது என்பதைப் பார்ப்போம். பூஞ்சணங்கள் இரு வழிகளில் பெருகுகின்றன. ஒன்று ஆண் பெண் கூறுகளின் சேர்க்கையால் வித்து உண்டாவது. மற்றொன்று அத்தகைய சேர்க்கை இன்றியே இழையின் நுனியிலிருந்து துகள்கள் உண்டாகிப் பறந்துபோவது. சேர்க்கை வழி தெரிந்த பூஞ்சணங்களை ‘நிறைவுற்றவை’ என்றும், அது தெரியாதவற்றை ‘நிறைவுறாதவை’ என்றும் ஐரோப்பிய அறிஞர் பிரித்தனர். நிறைவுறாதவை என்ற பெயர் நம் அறியாமைக்கு நாம் இட்ட பெயரேயன்றி அந்த உயிர்களின் குறையைச் சொல்வதன்று. ஆயிரக்கணக்கான பூஞ்சணங்கள் இவ்வாறு ஒரு தற்காலிகச் சத்திரத்தில் தங்கவைக்கப்பட்டன. அவற்றில் திறந்த இழைகளின்மேல் துகள்களைத் தாங்கி நிற்பவை ஹைபோமைசீட்டுகள் எனப்படும். பெனிசிலியம், ஆஸ்பெர்ஜில்லஸ், பியூசேரியம், நெல்லில் குலைநோய் தரும் பிரிகுலேரியா, மாம்பூவில் சாம்பல் நோய் தரும் ஆய்டியம் எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையே.

இந்தச் சத்திரத்தில் தங்கியிருந்தோரை இத்தாலிய அறிஞர் சக்கார்டோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் துகளின் நிறம், வடிவம், அதிலுள்ள தடுப்புச் சுவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு வரிசைப்படுத்தினார். தேடி எடுக்க வசதியான முறைதான். ஆனால், திருவிழாவுக்கு வந்த கூட்டத்தை உடையின் நிறத்தைப் பார்த்துக் குடும்பங்களாகப் பிரித்தால் எப்படியோ அப்படி அது இருந்தது. வெள்ளை உடுத்திய அண்ணன் ஒரு குடும்பத்திலும் நீலம் உடுத்திய தம்பி வேறொரு குடும்பத்திலும் போய்ச் சேர்ந்துவிடுவர்.

1953-இல் கனடாவில் பணியாற்றிய ஹியூஸ் என்பவர் வேறொரு வழியைக் காட்டினார். துகள் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதோடு நில்லாமல், அது எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள் என்றார். உண்மையிலேயே அதில் வியப்பான வேறுபாடுகள் உண்டு. சிலவற்றில் இழையின் நுனி சோப்புக் குமிழிபோல் ஊதி வெளிவருகிறது. சிலவற்றில் குறுகிய கழுத்துள்ள குப்பியிலிருந்து மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படுகின்றன. சிலவற்றில் கரும்பைக் கணுக்கணுவாக நறுக்கியதுபோல் இழையே துண்டுகளாகிறது. சிலவற்றில் ஒவ்வொரு துகளும் கழன்றபின் ஒரு வளையத் தழும்பு எஞ்சுகிறது. மட்டை விழுந்த தென்னையின் தண்டிலே காணும் வளையங்கள் போல.

இந்த வழியைப் பின்பற்றி ஹைபோமைசீட்டுகள் முழுவதற்கும் குடும்ப முறை ஒன்றை வகுத்துச் சுப்பிரமணியன் 1962-இல் வெளியிட்டார். துகள் பிறக்கும் முறையே குடும்பத்துக்கு அடையாளம் என்று கொண்டார். ஹியூஸ் கூட்டங்களாகக் காட்டியதைப் பெயருள்ள குடும்பங்களாக நிலைநிறுத்த முன்வந்தது துணிவான செயல். அதனை எல்லோரும் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. ஆயினும் அதுமுதல் இத்துறையில் எழுதிய எவரும் அவருடைய முறையைப் பாராமல் எழுத இயலவில்லை. 1965-இல் அவருக்குச் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு அளிக்கப்பட்டது. அவருடைய கருத்தை மறுக்க வேண்டியவர்களும் சென்னையிலிருந்து வந்த கட்டுரையைப் படித்தே மறுக்க வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், கியூவுக்கு உறை அனுப்பிய காலத்திலிருந்து நாம் கடந்துவந்த தூரம் விளங்கும்.

அவர் இட்ட பெயர்களின் கதை சுவையானது. தாவரப் பெயரிடும் உலக விதிப்படி பெயர் லத்தீன் வடிவில் வழங்க வேண்டும். ஆனால் அச்சொல்லை எந்த மொழியிலிருந்தும் எடுக்கலாம். புதிய இனத்தின் வருணனையை லத்தீனிலேயே எழுத வேண்டும் என்ற விதியும் அப்போது இருந்தது. சுப்பிரமணியன் வருணனையை லத்தீனில் எழுதினார். பெயர்களைப் பெரும்பாலும் வடமொழியிலிருந்து எடுத்தார். சுருண்ட இழைகளை உடைய ஒன்றுக்குச் சுருள்முடி என்று பொருள்படும் குடிலகேசா என்ற பெயர் தந்தார். கோணல் வித்துடையது வக்ரபீஜா ஆயிற்று. இரட்டை வித்துடையது துவயபீஜா ஆயிற்று. பின்னாளில் மாணவர்களோடு சேர்ந்து அவர் வெளியிட்டவற்றுள் பல நூல் வித்து என்னும் பொருளுடைய பஹுசூத்ரபீஜாவும், அரைத் திங்களைக் குறிக்கும் அர்த்தசந்திராவும் உண்டு. புட்டகொடுகு என்று பெயரிட்ட தெலுங்கு முன்னோர் செய்த அதே காரியத்தையே இவரும் செய்தார். பார்த்ததைப் பெயராக்கினார்.

தம் ஆசான்களையும் அவர் மறக்கவில்லை. 1957-இல் ஓர் இனத்துக்குச் சதாசிவானியா என்றும், 1958-இல் மற்றொன்றுக்கு ஐயங்காரினா என்றும் பெயர் வைத்தார். சென்னையைக் குறிக்கும் ‘மாத்ரீயா’ என்ற அடைமொழியும் அவர் இட்ட பெயர்களில் பலமுறை வருகிறது. இந்தப் பொருள்கள் தொலைவான காட்டிலிருந்து கிடைத்தவை என்று நினைத்துவிட வேண்டாம். 1952-இல் அவர் பெயரிட்ட பெல்ட்ரானியெல்லா என்னும் இனத்தின் முதல் வகை நம்மூர் வேலியோர ஒதியமரத்தில் வாழ்வது. அம்மரத்தின் பழைய தாவரப் பெயரான ஒடினாவே அந்த வகையின் பெயராயிற்று. ஒதி பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாது என்பது நம் பழமொழி. உத்தரத்துக்கு ஆகாத ஒதியும் உலக விஞ்ஞானத்தில் ஓர் இடம் பெறக் காரணமாயிற்று.

1971-இல் அவருடைய பெருநூல் வெளிவந்தது. இந்தியாவில் அதுவரை அறியப்பட்ட ஹைபோமைசீட்டுகளின் முழு விவரமும் அடங்கிய அந்த நூல் 930 பக்கம் கொண்டது. இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் அதை வெளியிட்டது. செர்க்கோஸ்போரா கூட்டத்தை மட்டும் அதில் சேர்க்கவில்லை என்பதைத் தலைப்பிலேயே நேர்மையாக அறிவித்துவிட்டார். அந்தக் கூட்டம் அவ்வளவு பெரியது. சித்தூர் உழவர் நன்கறிந்த நிலக்கடலையின் டிக்கா இலைப்புள்ளி நோயைத் தரும் இரண்டு பூஞ்சணங்களும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையே. இரண்டில் ஒன்று மஞ்சள் வளையம் சூழ்ந்த பழுப்புப் புள்ளியோடு முன்னதாகத் தோன்றுகிறது. மற்றொன்று கரும்புள்ளியாகப் பின்னர் வருகிறது. ஒரே நோய் என்று தோன்றும் இரண்டையும் பிரித்தறிந்த பிறகே எந்தக் கடலை வகை எதைத் தாங்கும் என்று ஆராய முடிந்தது. திருப்பதி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் நிலக்கடலை வகைகளைத் தெரிந்தெடுத்து வெளியிடும் பணியும் இத்தகைய அறிவின்மேல் எழுந்ததே.

1973-இல் இந்தியப் பூஞ்சணவியல் சங்கம் தோன்றியது. அதைத் தோற்றுவிப்பதில் சுப்பிரமணியன் முன்னின்றார். சங்கத்தின் ஆராய்ச்சி இதழுக்குக் ‘கவக’ என்று பெயர். வடமொழியில் காளான் என்பதே அதன் பொருள். உலகப் பூஞ்சணவியல் சங்கத்தின் தலைமையும் பின்னர் அவரைத் தேடி வந்தது. ஹைபோமைசீட்டுகளின் வகைப்பாட்டையும் வாழ்க்கையையும் பற்றிய அவருடைய மற்றொரு நூல் 1983-இல் இலண்டனில் வெளிவந்தது. பொதுமக்களுக்காகப் பூஞ்சணம், காளான், மனிதன் ஆகிய மூன்றையும் இணைத்தும் ஒரு நூல் எழுதினார்.

சென்னை ஆய்வுக்கூடத்தில் குடை விரிக்கும் காளான்களை ஆராய்ந்தோரும் இருந்தனர். அவர்களில் கே. நடராஜன் 1979-இல் புற்றுக் காளானில் ஒரு புதிய வகையை விவரித்தார். அந்த இனத்தை 1942-இல் நிறுவிய பிரெஞ்சு அறிஞர் ஹைமின் நினைவாக அதற்கு டெர்மிட்டோமைசஸ் ஹைமியை என்று பெயரிட்டார். புற்றுக் காளானின் வாழ்க்கை ஓர் உழவுத் தொழில். கரையான்கள் மட்கிய இலையையும் மரத்தையும் தின்று, அந்தச் சத்தையைத் தேனடைபோல் புற்றுக்குள் அடுக்குகின்றன. அதன்மேல் இந்தக் காளானின் இழைகள் வளர்கின்றன. கரையானால் செரிக்க முடியாத மரப்பொருளைக் காளான் மென்மையாக்கித் தருகிறது. கரையான் அதற்கு ஈரமும் காவலும் தருகிறது. மழை வந்தபோது அந்த அடையிலிருந்து நீண்ட வேர் போன்ற தண்டு மண்ணைத் துளைத்து மேலே வந்து குடை விரிக்கிறது. புற்றுக்கும் குடைக்கும் உள்ள இந்த உறவைத்தான் தெலுங்குப் பெயர் ஒரே சொல்லில் சொல்லிவைத்தது.

சித்தூர் மாவட்டம் 1911-இல் அமைந்து, சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனோடு சேர்ந்தது. 1954-இல் திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1960 ஏப்ரல் முதல் நாளன்று எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இவ்வளவு கோடுகள் வரையப்பட்டபோதும் புற்றுக் காளான் இரு பக்கத்திலும் ஒரே மழைக்கு முளைத்தது. டிக்கா நோய் இரு பக்கத்துக் கடலையையும் ஒன்றுபோலத் தாக்கியது. பயிரின் நோய்க்கு எல்லை இல்லை என்றால் அதைப் பற்றிய அறிவுக்கும் எல்லை இருத்தல் ஆகாது. உலகப் பொதுப் பெயர் ஒன்று வேண்டும் என்று விஞ்ஞானிகள் வற்புறுத்துவது இதனால்தான். சென்னையில் ஒருவர் எழுதியது திருப்பதியிலும் டோக்கியோவிலும் ஒரே பொருளைக் குறிக்க வேண்டும்.

சுப்பிரமணியனின் முதுமையில் ஒரு பெரிய மாறுதல் நிகழ்ந்தது. நிறைவுறாத பூஞ்சணங்கள் எவை எவற்றுக்கு உறவு என்பதை மரபணுச் சோதனை காட்டத் தொடங்கிற்று. 2011-இல் மெல்போர்னில் கூடிய உலகத் தாவரவியலார் பூஞ்சணம் ஒன்றுக்குப் பெயரும் ஒன்றே என்று விதி செய்தனர். அதுவரை சேர்க்கை நிலைக்கு ஒரு பெயரும், சேர்க்கையற்ற நிலைக்கு வேறொரு பெயருமாக இரட்டைப் பெயர் வழங்கலாம் என்றிருந்தது. லத்தீன் வருணனைக்குப் பதில் ஆங்கில வருணனையும் போதும் என்றனர். அவர் ஆயுள் முழுவதும் உழைத்த அந்தச் சத்திரம் இவ்வாறு கலைக்கப்பட்டது. தங்கியிருந்தோர் தத்தம் குடும்பங்களுக்குத் திரும்பினர்.

அவருடைய உழைப்பு இதனால் வீணாயிற்றா? ஆகவில்லை. மரபணுவின் எழுத்துக்கள் உறவைச் சொல்லும். ஆனால் இந்த எழுத்துக்கள் எந்த உயிருக்கு உரியவை என்று சொல்ல, அந்த உயிரை முன்பே யாரேனும் பார்த்து, வரைந்து, விவரித்து, உலர்த்திய மாதிரியைப் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும். நுண்ணோக்கியின் முன் அமர்ந்து அவர் எழுதிய வருணனைகளோடு ஒப்பிட்டே இன்றைய ஆய்வாளர் தாம் கண்டது பழையதா புதியதா என்று முடிவு செய்கின்றனர். தற்காலிக விடுதியானாலும் அங்கே வந்தவர் பெயரைச் சரியாக எழுதிவைத்த கணக்கர் இல்லாவிட்டால், வீடு திரும்ப வேண்டியவர் யார் என்றே தெரிந்திராது.

இதுவரை உலகில் பெயர் பெற்ற பூஞ்சண வகைகள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம். இருக்கக்கூடியவை 22 லட்சம் முதல் 38 லட்சம் வரை என்று 2017-இல் அறிஞர்கள் மதிப்பிட்டனர். மிகப் பல இன்னும் பெயரின்றியே நம் காலடியில் கிடக்கின்றன. சேஷாசல மலைச்சாரலில் உதிரும் ஒவ்வோர் இலையும் அவற்றுக்கு ஒரு நிலம். இந்தப் பணிக்கு வேண்டியவை நுண்ணோக்கியும் பொறுமையும் பயிற்சியுமே. ஆயினும், விரைவில் பயன் காட்டாத துறை என்று எண்ணி வகைப்பாட்டியல் கற்க முன்வருவோர் குறைந்து வருவதாக அத்துறையினர் கவலைப்படுகின்றனர். ஒரு நோய் வயலில் பரவிய பிறகு அதன் பெயரை அறிந்தவரைத் தேடுவது, வீடு தீப்பற்றிய பிறகு கிணறு வெட்டுவது போன்றது.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. சித்தூர் வட்டாரத்தில் புற்றுக் காளானை நாளும் இடமும் அறிந்து பறிக்கும் முதியவர் பலர் இருக்கின்றனர். எது உண்ணத்தக்கது, எது ஆகாதது என்பதை அவர்கள் தலைமுறைப் பழக்கத்தால் அறிவர். வெள்ளிக் காசைப் போட்டுச் சோதிப்பது, பூச்சி கடித்திருக்கிறதா என்று பார்ப்பது போன்ற முறைகளை நம்பி அறியாத காளானை உண்ணலாகாது; நஞ்சுள்ள காளானும் அச்சோதனைகளில் தேறிவிடும். வகையை அறிந்தவரின் அறிவே காவல். அந்த முதியவர்களிடம் தமிழிலும் தெலுங்கிலும் வழங்கும் காளான் பெயர்களைக் கேட்டு, பருவத்தையும் இடத்தையும் சேர்த்துக் குறித்துவைக்குமாறு கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகளைத் தூண்டுங்கள். சுப்பிரமணியன் 930 பக்கத்தில் செய்து முடித்த பணியும் இப்படி ஒரு பொருளைக் கூர்ந்து பார்த்து ஒரு பெயரை எழுதியதில்தான் தொடங்கிற்று.